பூஜைக்கு வைத்த நாளில் ஓடிய பைப்லைன்

நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியிலிருந்து போன மாதம் போன் வந்தது. இப்போது அங்கே புரோகிராமைத் தயார் செய்து அனுப்புகிற பில்டு வேலையைப் பார்க்கிறவர் பேசினார். ரிலீஸ் பைப்லைனின் கடைசிப் படியில் ஒரு ஆள் வந்து தன் பெயரைப் போட்டு அனுமதி கொடுத்தால்தான் புரோகிராம் மலையில் இருக்கிற எச்சரிக்கைப் பெட்டிகளுக்குப் போகிறது, அதை எடுத்துவிடலாமா என்று கேட்டார். அதற்கு மேலே மூன்று வரி இருக்கிறது, பிராஞ்சை அழித்ததாகச் செய்தி வந்தால் ஒன்றும் செய்யாதே என்று. அதுவும் வேண்டுமா என்று கேட்டார். இரண்டையும் வைத்தவன் நான். எல்லாக் கம்பெனியிலும் இப்போது முழுக்கத் தானாகவே ஓடுகிறதாம். நம்முடையதுதான் ஆளுக்காகக் காத்து நிற்கிறதாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கத்தினேன். அவர் பயந்து போனை வைத்துவிட்டார். கத்தினால் காரணம் புரியாது என்று பிறகு தோன்றியது. அதனால் எழுதுகிறேன். அழகாக எழுத எனக்கு வராது. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

என் பெயர் கனகராஜ். ஊர் வடகரப்பதிப் பக்கம். கோயமுத்தூரில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, பாலக்காட்டுக்கும் வாளையாருக்கும் நடுவில் இருந்த அந்தக் கம்பெனியில் சோல்டரிங் டேபிளில் உட்கார்ந்தேன். மழை அளக்கிற பெட்டி, தண்ணீர் மட்டம் பார்க்கிற பெட்டி, இவைதான் எங்கள் சரக்கு. அந்தக் காலத்தில் புரோகிராமைச் சிப்பில் கையால் ஏற்றுவோம். ஏற்றிய சிப்பின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, எத்தனையாவது புரோகிராம் என்றும் யார் ஏற்றியது என்றும் எழுத வேண்டும். 'க' என்று எழுதியிருந்தால் நான். பெட்டி கெட்டுத் திரும்பி வந்தால் நேராக என் டேபிளுக்குத்தான் வரும். திட்டு வாங்கிக்கொண்டு சரி செய்வேன்.

பிறகு பெட்டிகளுக்குச் சிம் கார்டு வந்தது. புரோகிராமை இங்கிருந்தே அனுப்பலாம் என்று ஆனது. எந்தப் பெட்டிக்கு எந்தப் புரோகிராம் என்று மனப்பாடமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னை பில்டு வேலைக்கு மாற்றினார்கள். நாற்பது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் படித்தேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை.

அப்போதுதான் கல்யாணி மேடம் எங்களுக்கு மேலதிகாரியாக வந்தார். பாலக்காட்டில் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். குரல் உயர்த்த மாட்டார். ஆனால் ஒரு ரிலீஸ் வெளியே போக வேண்டுமென்றால் நம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வார். கையில் ஒரு பென்சில் இருக்கும்.

"வாசியுங்கோ" என்பார்.

பிராஞ்சின் பெயர், எந்த மாடல் பெட்டி, யார் எழுதியது, யார் டெஸ்ட் பண்ணியது, எல்லாவற்றையும் சத்தமாக வாசிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் மேஜையில் ஒரு தட்டு.

"எல்லாம் தெரிஞ்சதுதானுங்க மேடம்" என்று ஒருநாள் சொன்னேன்.

"தெரியும்னு எல்லாரும்தான் சொல்றா. வாசியுங்கோ."

ஆபீசில் இதைக் கிண்டல் செய்வார்கள். டீ குடிக்கப் போகிறவன் எட்டிப் பார்த்து, "ஏனுங்கண்ணா, சுலோகம் முடிஞ்சுதுங்களா?" என்பான். நானும் சிரிப்பேன். இரண்டு முறை அந்தச் சுலோகத்தில்தான் தவறான மாடலைக் கண்டுபிடித்தோம் என்பதை அப்போது யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

இடுக்கி மலையில் தேயிலை எஸ்டேட்டுகளில் மண் சரிவதற்கு முன்னால் எச்சரிக்கிற பெட்டி வைக்கிற வேலை கம்பெனிக்குக் கிடைத்தது. மழையை அளக்கும். கணக்கு மீறினால் கம்பத்தில் இருக்கிற சைரன் கத்தும். சரிவுக்குக் கீழே லயத்தில் இருக்கிறவர்கள் எழுந்து ஓட வேண்டும். லயம் என்றால் தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கட்டிய வரிசை வீடு. ஒரே கூரையின் கீழ் எட்டுப் பத்துக் குடும்பம் இருக்கும்.

மொத்தம் பதினான்கு பெட்டி. கல்யாணி மேடம் நின்று நான் வாசித்து ஒவ்வொன்றாக அனுப்பி முடிக்க அரை நாள் ஆகும். எனக்கு அலுத்துவிட்டது. அதனால் எல்லாம் தானாக ஓடுகிற பைப்லைன் போட்டேன். அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் என் தவறு என்னவென்று தெரியாது.

நாங்கள் எழுதுகிற புரோகிராம் வரிகள், அதாவது கோட், எல்லாம் ஒரு சர்வரில் இருக்கும். அதை ரெப்போ என்போம். அதில் மெயின் என்று ஒரு பிராஞ்ச், அதாவது கிளை. புது வேலை அங்கேதான் சேரும். முடிந்த வேலையும் இருக்கும், பாதியில் நிற்பதும் இருக்கும். வெளியே போகத் தயாரானதை மட்டும் பிரித்து, ரிலீஸ் என்று தொடங்கும் பெயரில் தனிப் பிராஞ்ச் போடுவோம். ஒரு பிராஞ்சில் ஏதாவது நடந்தால் ரெப்போ உடனே பில்டு சர்வருக்கு ஒரு செய்தி அனுப்பும். இன்ன பிராஞ்சில் இன்னார் இன்னது செய்தார் என்று அதில் இருக்கும். பில்டு சர்வர் அதைப் பார்த்து வேலையைத் தொடங்கும்.

நான் எழுதிய நிபந்தனை ஒரே வரி. செய்தியில் வந்த பிராஞ்சின் பெயர் ரிலீஸ் என்று தொடங்கினால் அதிலிருக்கிற கோட் எடு, பில்டு செய், டெஸ்ட் செய், பாஸானால் எல்லாப் பெட்டிக்கும் அனுப்பு. பெயரை மட்டும்தான் பார்க்கச் சொன்னேன். அந்தப் பிராஞ்சில் என்ன நடந்தது என்று பார்க்கச் சொல்லவில்லை.

இன்னொரு வரியும் எழுதினேன். செய்தியில் சொன்ன பிராஞ்ச் ரெப்போவில் இல்லாவிட்டால் மெயினை எடு. ஏன் அப்படி எழுதினேன்? பிராஞ்ச் கிடைக்காவிட்டால் பில்டு நின்று சிவப்பு விழும். சிவப்பு விழுந்தால் காலையில் என்னைத்தான் கேட்பார்கள். அதற்காக எழுதினேன். பச்சை வந்தால் யாருக்கும் மெயில் போகக் கூடாது, சிவப்புக்கு மட்டும் போனால் போதும் என்று வைத்ததும் நான்தான்.

கல்யாணி மேடம் அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இனிமே யாரும் வாசிக்கப் போறதில்லை. தப்பு இருந்தா யார் பாப்பா?"

"டெஸ்ட் பாக்குமுங்க மேடம்."

"டெஸ்டை யார் எழுதினா?"

"நாமதானுங்க."

அவர் பென்சிலை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடம் நவராத்திரி வந்தது. பைப்லைன் போட்ட பிறகு வந்த முதல் நவராத்திரி. எங்கள் ஆபீசில் தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கத்து ஆளும் உண்டு, அந்தப் பக்கத்து ஆளும் உண்டு. கோயமுத்தூர்ப் பக்கம் ஆயுத பூஜை என்றால் எல்லாவற்றையும் துடைத்துக் கழுவிப் பொட்டு வைப்பார்கள். பாலக்காட்டில் அஷ்டமி சாயங்காலம் புத்தகத்தையும் கருவியையும் பூஜைக்கு வைத்துவிட்டால் விஜயதசமி காலை வரை தொடக் கூடாது. நாங்கள் இரண்டையும் செய்வோம். முதலில் கழுவுவோம், பிறகு தொடாமல் வைப்போம்.

அன்று மதியம் மேஜை, வயர், மின்விசிறி எல்லாம் துடைத்தாயிற்று. டெஸ்ட் செய்கிற பையன்களில் ஒருவன் கேட்டான்: "அண்ணா, ரெப்போவையும் கழுவீரலாமுங்களா? பழைய பிராஞ்ச் குப்பையாக் கெடக்குதுங்க."

"கழுவு. கழுவீட்டு ஒரு எலுமிச்சம்பழமும் வெச்சுரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பழைய ரிலீஸ் பிராஞ்சுகள் ஒன்பது இருந்தன. எதுவும் பயன்பாட்டில் இல்லை. நானே பட்டியலைப் பார்த்து, நானே என் கையால் ஒவ்வொன்றாக அழித்தேன். பிறகு எல்லா லேப்டாப்பையும் அணைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கி, பட்டுத் துணி போட்டு, பூ வைத்தோம். அவல், பொரி, சுண்டல் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

பிராஞ்சை அழிப்பதும் பிராஞ்சில் நடக்கும் ஒரு காரியம்தான். ரெப்போ அதற்கும் செய்தி அனுப்பும். ஒன்பது செய்தி போனது. ஒன்பதிலும் பெயர் ரிலீஸ் என்று தொடங்கியது. பில்டு சர்வர் அந்தப் பிராஞ்சைத் தேடியது, கிடைக்கவில்லை. நான் சொல்லி வைத்திருந்தபடி மெயினை எடுத்தது.

மெயினில் புது மாடல் பெட்டிக்கான வேலை பாதியில் இருந்தது. புது மாடலில் சைரனுக்குப் போகிற கம்பி சிப்பின் வேறு காலில் வருகிறது. டெஸ்டையும் புது மாடலுக்கு மாற்றியிருந்தோம். அதனால் டெஸ்ட் பாஸ். பதினான்கு பெட்டிக்கும் புரோகிராம் போய்விட்டது. மலையில் நின்றவை எல்லாம் பழைய மாடல். மழையை அளந்தன, கணக்கை அனுப்பின, பச்சை விளக்கு எரிந்தது. சைரனை மட்டும் அவற்றால் ஊத முடியாது. எல்லாம் பச்சை என்பதால் யாருக்கும் மெயில் வரவில்லை.

மறுநாள் எனக்கு லீவு. மத்தியானம் பன்னிரண்டு தாண்டி ஒரு போன். தேவிகுளத்திலிருந்து ஜீப்பில் போக வேண்டிய ஒரு எஸ்டேட், பெயர் வேண்டாம். அங்கே சைரன் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறவர் அருளப்பன். எஸ்டேட்டில் வாட்சர் வேலை. தினமும் மத்தியானம் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அமுக்கிச் சைரனை ஊதிப் பார்ப்பது அவருடைய வழக்கம். எங்கள் கம்பெனி சொன்னது வாரத்துக்கு ஒருமுறை. அவர் தினமும் செய்தார்.

"சார், பட்டன அமுக்கிப் பாத்தேன், சத்தம் வரல சார். இங்க காலைலருந்து மழ ஊத்துது."

"பேட்டரியப் பாத்தீங்களாங்க?"

"பச்ச லைட்டு எரியுதே சார்."

"பச்ச எரியும். சைரனுக்குக் கரண்டு ஜாஸ்தி வேணும். பேட்டரி டவுனாயிருக்கும். சார்ஜ் போட்டுப் பாருங்க."

சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை மணிக்கு மறுபடி போன்.

"சார்ஜ் ஃபுல்லா இருக்கு சார். மழக் கணக்கு எல்லாம் காட்டுது. சத்தந்தான் இல்ல."

"ஸ்பேர் பேட்டரி இருக்குதில்லைங்க? அத மாத்துங்க."

"மாத்தணுமா சார்? இதே நல்லாத்தான..."

"மாத்துங்கன்னா மாத்துங்க. நான் சொல்றன்ல."

இப்படித்தான் பேசினேன். மழையில் கம்பத்தடியில் நின்றுகொண்டு அந்த மனிதர் பேட்டரியை மாற்றினார். இரண்டு மணிக்கு மூன்றாவது போன்.

"மாத்திட்டேன் சார். ஊதல. நா பொய் சொல்லல சார், வேணும்னா போன அங்க வச்சு அமுக்குதேன், கேளுங்க."

அமுக்கினார். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் யோசிக்கத் தொடங்கினேன். முந்தின நாள் வரை ஊதிய சைரன். இடையில் நாங்கள் எதையும் அனுப்பவில்லை. அனுப்பவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? பார்க்கவில்லையே.

கல்யாணி மேடத்துக்குச் சொன்னேன். நான் பைக்கில் ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது அவர் முன்பே வந்து, பூஜை அறைக் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

"லேப்டாப்பெல்லாம் பூஜைல இருக்குதுங்க மேடம். வெளிய எங்காச்சும் கம்ப்யூட்டர் கேட்டுப் பாக்கட்டுங்களா?"

"எதுக்கு? சர்வருக்குப் போற சாவியெல்லாம் இதுக்குள்ளன்னா இருக்கு. விஜயதசமி வரைக்கும் மழை காத்துண்டு இருக்குமா? துணியை எடுங்கோ."

நான் தயங்கினேன். அவரே துணியை விலக்கி, பூவை ஒரு தட்டில் எடுத்து வைத்து, என் லேப்டாப்பை இழுத்தார். மூடியில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"சரஸ்வதி கோச்சுண்டா நான் பேசிக்கறேன். நேத்திக்கு என்ன ஓடித்துன்னு வாசியுங்கோ."

திறந்தேன். ஒன்பது வரி. ஒன்பதும் பச்சை. நான் வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாவது வரியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, நிறுத்தினேன். அவர் விடவில்லை. ஒன்பதையும் வாசிக்க வைத்தார். பென்சில் இல்லாததால் விரலால் தட்டினார்.

சரியான ரிலீஸ் பிராஞ்சிலிருந்து மறுபடி பில்டு போட்டேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நேரத்தில் அவர் தாலூக்கு கண்ட்ரோல் ரூமுக்குப் பேசினார், அருளப்பனைத் தவிர மற்ற பதின்மூன்று இடத்துக்கும் பேசினார்; அருளப்பனுக்கு லைன் கிடைக்கவில்லை. பெட்டிகள் ஒவ்வொன்றாகப் புரோகிராமை வாங்கிக்கொண்டதாகப் பதில் அனுப்பின. பதின்மூன்று வந்தது. அருளப்பனுடைய பெட்டி வரவில்லை. மழையில் அங்கே டவர் விட்டு விட்டு வேலை செய்தது.

நாலு மணி வாக்கில் ஒருமுறை போன் கிடைத்தது. "அருளப்பன், சைரன் ஊதாதுங்க. தப்பு எங்களுது. சனத்த வெளிய கொண்டு போயிருங்க."

"நா ஒருத்தன் எத்தன லயத்துக்கு ஓடட்டும் சார்? பாதிப் பேரு காட்டுல கொழுந்தெடுக்காக, பாதிப் பேரு வீட்ல கெடக்காக. இருங்க, உபதேசியாரப் பாக்கேன், கோயில் மணிய அடிக்கச் சொல்லுதேன்."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பெட்டிக்குள் சைரனுக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற ரிலேயின் இரண்டு முனையை ஒரு கம்பித் துண்டால் சேர்த்தால் போதும், புரோகிராமே வேண்டாம், சைரன் கத்தும். பேட்டரி அறை தனி; ரிலே இருக்கிற மூடியின் சாவி எங்களிடம்தான் இருந்தது. கல்லால் அடித்தால் அந்தப் பூட்டு உடைந்துவிடும். சோல்டரிங் டேபிளில் உட்கார்ந்து அந்த ரிலேயை ஆயிரம் தடவை தொட்டவன் நான். "அருளப்பன், பூட்ட உடைங்க" என்று கத்தினேன். லைன் போய்விட்டிருந்தது.

முதல் போனிலேயே அதைச் சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு மணிக்கே. பேட்டரி என்று சொன்னேன்.

மாதாகோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் மணியை அடித்தார். வாரநாளில் அந்த நேரத்தில் கோயில் மணி அடித்தால் ஊரில் சாவு என்று அர்த்தம். யார் செத்தது என்று பார்க்க லயத்திலிருந்து எல்லோரும் எதிர்மேட்டில் இருந்த கோயிலுக்கு ஏறிப் போனார்கள். குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். "யாரு? யாரு?" என்று கேட்டுக்கொண்டு நின்றபோது பின்னால் சரிவு இறங்கியது. மூன்றாவது லயத்தில் கடைசி இரண்டு வீடு போய்விட்டது.

கடைசி வீட்டில் யாக்கோபு தூங்கிக்கொண்டிருந்தார். தேயிலை ஃபேக்டரியில் ராத்திரிக் காவல் அவருக்கு. பகலில் தூங்குவார். மணிச் சத்தம் மழையைத் தாண்டி அவர் காதுக்குப் போகவில்லை. சைரன் கம்பம் அவர் வீட்டுச் சுவரிலிருந்து இருபது அடி. அது ஊதினால் அவர் தினமும் திட்டுவாராம், தூக்கம் கெடுகிறது என்று.

ஒரு வாரம் கழித்து டைரக்டர் எங்களைக் கூப்பிட்டார். ரிப்போர்ட் தயாராக இருந்தது. மழையில் தொடர்பு துண்டிப்பு, அந்த இடத்தில் பேட்டரி பராமரிப்பில் கவனக்குறைவு. அவ்வளவுதான்.

கல்யாணி மேடம் வாசித்துவிட்டு மேஜையில் வைத்தார். "இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"மேடம், பேட்டரி மாத்தினதா அந்த ஆளே சொல்லியிருக்காரில்லையா? அப்ப பேட்டரியில ஏதோ பிரச்சினை இருந்துச்சுதானே?" என்றார் டைரக்டர்.

"மாத்தச் சொன்னது நாம. அவர் வேண்டாம்னுதான் சொன்னார்."

டைரக்டர் என் பக்கம் திரும்பினார். "கனகராஜ், உனக்கு ரெண்டு வருஷம்தானே பாக்கி? நீ போடு."

நான் போட்டேன்.

எனக்குச் சொல்லச் சாக்கு எதுவும் இல்லை. அப்போது நிறையச் சாக்கு இருந்தது. கல்யாணி மேடம் என்னைப் பார்க்கக்கூட இல்லை. மூன்று மாதத்தில் அவர் வேலையை விட்டுவிட்டார். போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். என் நாற்காலிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார்.

அவர் போன அடுத்த வாரம் அந்த எஸ்டேட்டில் புதுக் கம்பம் நட நான் போக வேண்டியிருந்தது. வேறு ஆளை அனுப்பச் சொன்னேன், ஆள் இல்லை என்றார்கள். மஸ்டர் கொட்டகையில், காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம் அது, அருளப்பன் நின்றுகொண்டிருந்தார். சைரன் வேலையை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்களாம். லயத்தில் பாதிப் பேர் அவரிடம் பேசுவதில்லையாம். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். எனக்கு அங்கேயே திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது.

"சார், ஒண்ணு கேக்கணும். கோச்சுக்கிடாதீக."

"கேளுங்க."

"பேட்டரில நா என்ன தப்புப் பண்ணேன் சார்? நீங்க சொன்னபடிதான் மாத்துனேன். பிளஸ் மைனஸ் பாத்துத்தான் மாட்டுனேன். இப்ப வேற ஆளு பாக்கப் போறாரு. எங்க தப்பு வந்துச்சுன்னு தெரிஞ்சா அவருட்டச் சொல்லிரலாம். இன்னொரு உசுரு போகக் கூடாதுல்ல?"

அவர் சண்டைக்கு வரவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். மூன்று மாதமாக அந்த மனிதர் தன் விரல்கள் எங்கே தவறின என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"பேட்டரில ஒண்ணுமே இல்லைங்க" என்றேன். "உங்க மேல தப்பே இல்ல. தப்பு என்னுது."

கொட்டகையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ போய் யாக்கோபுவின் மனைவி மரியபுஷ்பத்தைக் கூட்டி வந்தார்கள். கொழுந்துக் கூடையோடு வந்தார். அவர் முன்னால் முதலிலிருந்து சொன்னேன். பழைய பிராஞ்சை அழித்தது, அது தானாகப் போய் வேறு புரோகிராமைப் பெட்டியில் ஏற்றியது, பூஜைக்கு வைத்ததால் யாரும் பார்க்காதது, எல்லாம். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப அந்தப் பொட்டிய நீங்க யாரும் தொடல?"

"இல்லம்மா. அதுவாப் போயிருச்சு. யாரும் தொடல."

"யாருமே தொடாமலா எங்க வீட்டுக்காரரு செத்தாரு?"

எனக்கு முதலில் தோன்றியதெல்லாம் கம்பெனி ரிப்போர்ட்டில் இருந்த வார்த்தைகள்.

"நான்தாம்மா" என்றேன். "அப்படிப் போகும்படி வெச்சவன் நான்தான்."

"இத எழுதித் தாங்க. எம் மவ நர்சிங் படிக்கா. லீவுக்கு வந்தா கேப்பா. நா சொன்னா அவளுக்கு வெளங்காது."

மஸ்டர் கொட்டகை மேஜையிலேயே ஒரு வெள்ளைத் தாள் வாங்கி எழுதினேன். என் பெயர், முப்பது வருடமாக நான் செய்கிற வேலை, நான் எழுதிய இரண்டு வரி, நான் அழித்த ஒன்பது பிராஞ்ச், அருளப்பன் மூன்று முறை போன் செய்தது, மூன்று முறையும் நான் சொன்னது, பூட்டை உடைக்கச் சொல்லாமல் விட்டது, ரிப்போர்ட்டில் நான் போட்ட கையெழுத்து. உபதேசியார் அதை வாங்கி எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். அருளப்பனின் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி இன்னொரு முறை வாசித்தார்.

முடிந்ததும் மரியபுஷ்பம் கேட்டார்: "நடுவுல என்னமோ 'தெரியாமல் செய்துவிட்டேன்'னு வந்துச்சே."

"ஆமாம்மா."

"ஒங்களுக்குத் தெரியாதா சார்? முப்பது வருசமா இதத்தான செய்யுதீக?"

தாளைத் திரும்ப வாங்கினேன். 'தெரியாமல்' என்ற வார்த்தையை அடித்தேன். கீழே கையெழுத்துப் போட்டேன். அவர் அதை மடித்து, ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துக்கொண்டு கூடையை எடுத்தார். அருளப்பன் அந்தக் கூடையைத் தூக்கி அவர் முதுகில் மாட்டிவிட்டார். மரியபுஷ்பம் மாட்ட விட்டார்.

அவர் மடிப்பதற்கு முன்னால் அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து, தேவிகுளத்தில் ஒரு கடையில் நகல் போட்டிருந்தேன். மறுநாள் டைரக்டரின் மேஜையில் வைத்தேன். கம்பெனிக்கு நான் கொடுத்த இரண்டாவது ரிப்போர்ட் அதுதான். புதிதாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அடித்த வார்த்தையும் அடித்தபடியே இருந்தது.